நாலு பேர் வீட்டில் வாராந்திர மளிகைச் செலவு: எவ்வளவு நியாயம், எங்கே குறைக்கலாம்?

நாலு பேர் இருக்கிற வீட்டில் வாரத்துக்கு மளிகைக்கும் காய்கறிக்கும் எவ்வளவு ஆனால் நியாயம், செலவு கையை மீறாமல் இருக்க அன்றாடம் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு தொகையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 'வருமானத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது' என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள், அதை நம்பி மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கை ஆராய்ந்து 1857-லேயே சொல்லிவிட்டார்: வருமானம் ஏற ஏற, சாப்பாட்டுக்குச் செலவாகும் தொகை கூடினாலும், வருமானத்தில் அதன் பங்கு குறைந்துகொண்டே போகும். அதாவது குறைவாகச் சம்பாதிக்கும் வீட்டில் சாப்பாட்டின் பங்கு பெரிதாகத்தான் இருக்கும், அதற்காக அந்த வீட்டில் ஊதாரித்தனம் என்று அர்த்தமில்லை. பக்கத்து வீட்டு சதவீதம் உங்களுக்கு எதையும் சொல்லாது. உங்கள் வீட்டு போன மாத பில்கள்தான் சொல்லும்.

அந்த பில்களை எடுத்து மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, மசாலா மாதிரி வைத்தால் கெடாதவை ஒரு பக்கம். காய், கீரை, பழம், பால், முட்டை, இறைச்சி, மீன் இன்னொரு பக்கம். மூன்றாவது, யாரோ சமைத்ததற்கோ பாதி சமைத்ததற்கோ நாம் கொடுக்கும் காசு: பாக்கெட் நொறுக்குத்தீனி, குளிர்பானம், சூடு பண்ணினால் போதும் என்கிற ரகங்கள், அப்புறம் ஓட்டலில் இருந்து வரவழைத்த சாப்பாடு. முக்கால்வாசி வீடுகளில் இந்தக் கடைசி சமாசாரத்தை மளிகைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, 'வெளிச்செலவு' என்று வேறு தலைப்பில் போய்விடும். சினிமா டிக்கெட்டோடு சேர்ந்துவிடும். அதை இழுத்துக்கொண்டு வந்து இங்கே போட்டால்தான் உண்மையான படம் தெரியும்.

என் கருத்து இதுதான்: வாரச் செலவை ஏற்றுவது பருப்பு விலையோ வெங்காய விலையோ இல்லை, அலுத்துச் சலித்து வந்து அடுப்பைப் பற்றவைக்கவே மனசு வராத ஒன்றிரண்டு மாலைகள்தான். அன்றைக்கு வெளியில் வாங்குகிறோம், அது ஒரு செலவு. அந்த வேளைக்கு என்று வாங்கிய கீரையும் காயும் ஃப்ரிட்ஜில் இன்னொரு நாள் கிடந்து வாடுகிறது, வார இறுதியில் குப்பைக்குப் போகிறது, அது இரண்டாவது செலவு. ஒரே மாலைக்கு இரண்டு தடவை பணம் கொடுக்கிறோம், இரண்டாவது தடவை கொடுத்தது கண்ணில் படுவதே இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் வாரத்துக்கான திட்டத்தை அலுப்பான நாளில் இருந்து தொடங்குகிறோம். செவ்வாயும் வியாழனும் நானும் மனைவியும் தாமதமாக வருவோம் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம், அந்த இரண்டு நாளுக்கும் இருபது நிமிடத்தில் தட்டுக்கு வருகிற சாப்பாடு என்ன என்பதை முதலில் எழுதிவிடுவோம். பெரும்பாலும் அது முட்டைக் குழம்பு, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேகவைத்து ஃப்ரீசரில் போட்ட கொண்டைக்கடலையை வதக்கிய வெங்காயம் தக்காளியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டது. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சமையல் இல்லைதான். ஆனால் அந்த நாளில் நம் வீட்டுச் சமையல் போட்டி போடுவது ஓட்டல் சாப்பாட்டோடு, நல்ல சமையலோடு இல்லை. இதை ஒத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மீதி நாட்களை வாடுகிற வரிசையில் போட்டுவிடலாம். வாங்கி வந்த அன்றைக்கும் மறுநாளும் கீரை, கொத்தமல்லி போன்ற இலை ரகங்கள், மீன் வாங்கினால் அதுவும் அப்போதே. அடுத்து வெண்டைக்காய், கத்தரிக்காய், பீன்ஸ். வாரத்தின் நடுவில் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், இவையெல்லாம் பொறுமைசாலிகள். கடைசி இரண்டு நாள் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி, உலர்ந்த பயறு வகைகள். என்ன சமைப்பது என்று தினமும் சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொள்ளாமல், எது முதலில் கெடும் என்று மட்டும் பார்த்தால் சமையல் தானாக முடிவாகிவிடும். ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள். ஐந்துக்குப் போட்டால் போதும். மிச்சமானது ஒரு நாளைக்கு வரும், இன்னொரு நாள் யாராவது எங்காவது சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஏழுக்கும் வாங்கினால் இரண்டு நாள் காய் நிச்சயம் வீண்.

பட்டியல் எழுதும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இது அம்மாவின் இலாகா. நான் போனில் தட்டிக்கொண்டிருப்பேன், அவர் குனிந்து காய்த் தட்டை வெளியே இழுத்து, "ஏண்டா, இங்க அடியில அரைக் கிலோ கேரட் படுத்திருக்கு, நீ மறுபடியும் கேரட்டுன்னு எழுதற" என்பார். காய்த் தட்டின் அடிப்பகுதி தனி உலகம். பிளாஸ்டிக் பைக்குள் வேர்த்து ஒட்டிக்கொண்ட கொத்தமல்லி, வெட்டிய பக்கம் பழுப்பேறிய அரை முட்டைக்கோஸ், எப்போதோ ஒரு சமையலுக்காக வாங்கி ஒரு துண்டு மட்டும் நறுக்கிய இஞ்சி. பட்டியலில் முதல் மூன்று வரி இதையெல்லாம் எந்த நாளில் தீர்ப்பது என்பதாக இருக்க வேண்டும், புதுசாக என்ன வாங்குவது என்பது அதற்குப் பிறகு.

எவ்வளவு வீணாகிறது என்பதற்கு ஒரு அளவு வேண்டுமானால், ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு கடை, ஓட்டல், வீடு மட்டத்தில் குப்பைக்குப் போயிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் இருந்து. தலைக்கு வருடத்துக்கு 79 கிலோ. நாலு பேர் வீட்டுக்கு வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு ஆறு கிலோ! தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேர்த்த எடைதான், இருந்தாலும் அதில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடாமல் விட்டதும் இருக்கிறது. கூடையில் ஐந்து பத்து குறைக்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் இந்த எடையைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு எப்போதுமே ஆச்சரியம்.

இப்படி வீணாவதில் ஒரு பகுதி, வைக்கிற விதத்தில் சரியாகிவிடும். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பக்கத்தில் இருக்கிற கீரையையும் வெள்ளரியையும் சீக்கிரம் மஞ்சளாக்கும். பழத்தைத் தள்ளி வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள். இரண்டுக்கும் இருட்டும் காற்றும் போதும். உருளையை ஃப்ரிட்ஜில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவை கெடும், வறுத்தால் சீக்கிரம் கருகும். கீரைக்கு எதிரி ஈரம். கழுவாமல், உலர்ந்த துணியிலோ காகிதத்திலோ சுற்றி டப்பாவில் வைத்தால் கூடுதலாக இரண்டு மூன்று நாள் தாங்கும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18.

மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவும் கூடாது, முக்கியமாகச் சாதத்தில். பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது. சாதத்தை அப்படியே மணிக்கணக்கில் வெளியில் விட்டால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் தீர்த்துவிடுங்கள். பாக்கெட்டில் இருக்கிற தேதிகளிலும் இரண்டு வகை உண்டு. 'இதற்குள் பயன்படுத்தவும்' என்றால் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, மீறக் கூடாது. 'இதற்குள் சிறந்தது' என்றால் சுவையும் மொறுமொறுப்பும் குறையலாம் என்றுதான் பொருள். இரண்டாவது ரகத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கி எறிகிறவர்கள் நிறைய.

அளவு விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 90 கிராம் பச்சரிசியோ புழுங்கலோ போதும் என்பது பொதுவான கணக்கு, உழைப்பாளி வீட்டில் கூடும். வெந்ததும் அது இரண்டரை, மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடும். உலர்ந்த கொண்டைக்கடலையும் ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் தேறும். டின்னில் வருகிற 400 கிராம் கடலையில் தண்ணீரை வடித்துவிட்டால் நிற்பது 240 கிராம் அளவில்தான். அதனால் டின் விலையையும் உலர்ந்த கடலை விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. புரதத்துக்கு எதை வாங்குவது என்று தடுமாறினால், விலையைக் கிலோவால் வகுக்காமல் புரதத்தால் வகுத்துப் பாருங்கள்: உலர்ந்த பருப்பு, பயறு வகைகளில் நூறு கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் நூறு கிராமுக்கு 30 கிராம் சொச்சம். எந்த ஊர் விலையைப் போட்டாலும் பெரும்பாலும் பருப்பும் முட்டையும்தான் ஜெயிக்கும். கறி வேண்டாம் என்று சொல்லவில்லை. கறியைத் தனி உருப்படியாக வைக்காமல் பருப்போடும் காயோடும் சேர்த்துக் குழம்பாக்கினால் அதே கால் கிலோ நாலு பேருக்கு வரும்.

கடைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் சீட்டை நீட்டினால் கடைக்காரர் எடுத்துக் கட்டிக் கொடுப்பார். வாடிக்கையாளரே அலமாரி அலமாரியாகப் போய் எடுத்துக்கொள்ளும் முறையை 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தன் பிக்லி விக்லி கடையில் கொண்டுவந்தார். கூடை கனத்துப்போனால் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று 1937-ல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி தள்ளுவண்டியை இறக்கினார். கை வலித்தால்தான் போதும் என்று தோன்றும் என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. ஐந்தாறு சாமான் வாங்கப் போகும்போது வண்டி எடுக்காமல் கைக்கூடையோடு போங்கள், அவ்வளவுதான்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் நிஜமில்லை. கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று போட்டுப் பார்த்தால் சில சமயம் சின்னதே மேல். விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கிற தந்திரத்தையும் அப்போதுதான் பிடிக்க முடியும். அரிசியும் பருப்பும் மொத்தமாக வாங்கலாம். பொடித்த மசாலாவை மொத்தமாக வாங்காதீர்கள், சில மாதத்தில் வாசனை போய் வெறும் தூளாகிவிடும். கொட்டை வகைகளும் எண்ணெயும் காறல் அடிக்கும். அதுவும் போக, டப்பா நிறைய இருந்தால் கை தாராளமாகிவிடும், இது எல்லா வீட்டுச் சமாசாரம்.

எதில் கை வைக்கக் கூடாது என்றும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழத்தில் கை வைக்காதீர்கள். செலவைக் குறைக்கிறோம் என்றதும் முதலில் வெட்டுவது பழம்தான், ஆனால் பழம் இல்லாத வீட்டில் நாலு மணிப் பசிக்குப் பிள்ளைகள் பாக்கெட்டைப் பிரிப்பார்கள், கிலோ விலையில் பார்த்தால் அது பழத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். விலை இறங்கியிருக்கிற பருவப் பழமாக வாங்குங்கள். இன்னொன்று, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொண்டால் மிச்சம் என்று சொல்கிறவர்கள், மாவு அரைக்கவும் மசாலா வறுக்கவும் நிற்கிற ஆளின் நேரத்துக்குப் பூஜ்யம் விலை போட்டிருப்பார்கள், அந்த ஆள் பெரும்பாலும் அவர்களாக இருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் மிச்சமாகிறது, அந்த மாலை வெளியில் வாங்காமல் தப்பிக்கலாம் என்றால் கடையில் உரித்த பூண்டையும் ஃப்ரீசர் பட்டாணியையும் வாங்குவதில் தப்பே இல்லை. உறைந்த பட்டாணி சத்தில் ஒன்றும் மட்டமில்லை, பறித்த சில மணி நேரத்தில் உறைய வைப்பதால் நாலு நாள் கூடையில் கிடந்ததைவிடப் பல சமயம் நன்றாகவே இருக்கும்.

கணக்கு எழுதும்போது விருந்தாளி வந்த வாரம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வாரம், மாதாந்திர அரிசி மூட்டை இறங்கிய வாரம் எல்லாவற்றையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மூட்டையின் விலையை எத்தனை வாரம் வருமோ அத்தனையால் வகுத்து எழுதுங்கள், விருந்து வாரத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஒரு மாதம் இப்படி எழுதினால் உங்கள் வீட்டுத் தொகை என்ன என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் மூன்றாவது பிரிவில்தான் குறைப்பதற்கு இடம் இருக்கும்.