இரண்டுமே அச்சுப்பிழை இல்லை

அழிந்துபோன பண்டை மனிதர்களான நியாண்டர்தால்களின் அறிவியல் பெயர் ஒரு புத்தகத்தில் ‘ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்’, இன்னொன்றில் ‘ஹோமோ சேப்பியன்ஸ் நியாண்டர்தாலென்சிஸ்’, மகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் புழக்கத்தில் உள்ளவைதான் சார். முதல் பெயர், வில்லியம் கிங் 1864-இல் வைத்தது, அவர்களைத் தனிச் சிற்றினம் (species) என்கிறது. மூன்று சொல் பெயர், நம் ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ சிற்றினத்துக்குள்ளேயே ஒரு துணைச்சிற்றினம், அதாவது உட்பிரிவு, என்கிறது.

உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் தந்த வரையறையில்தான் வம்பு. தங்களுக்குள் இனம் பெருக்கி, மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் நிற்பது சிற்றினம். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை குட்டி போடுவது அபூர்வம். ஆனால் நியாண்டர்தாலோடு கலந்த வாரிசுகள் தழைத்திருக்கிறார்கள். 2010-இல் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத்தொகுதியைப் படித்து அதைக் காட்டியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்டவர்களிடம் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 2 சதவீதம் நியாண்டர்தால்களுடையது. உங்களிடமும் என்னிடமும்கூட!

அப்படியானால் ஒரே சிற்றினம்தானே? நியாண்டர்தால் மண்டையோட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மோவாய் துருத்தவில்லை. புருவத்தில் தடித்த எலும்பு வரப்பு. பின்மண்டை கொண்டை போட்டதுபோல் புடைத்திருக்கும். கலப்பும் சிக்கலில்லாமல் நடக்கவில்லை போலும்: நம் எக்ஸ் குரோமோசோமில் அவர்கள் சுவடு மிகக் குறைவு.

நான் தனிச் சிற்றினக் கட்சி. ஓநாயும், அதன் வட அமெரிக்க உறவான கொயோட்டியும் கலக்கத்தான் செய்கின்றன, அதற்காக யாரும் அவற்றை ஒன்றாக்கிவிடவில்லை. பரீட்சைக்கு மட்டும் பள்ளிப் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள்.