விமானி பார்த்தது என்ன?

கேள்வி: சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் தோட்டம். ராத்திரி தண்ணீர் கட்டப் போகும்போது வானத்தில் ஏதேதோ வெளிச்சம் தெரியுதுங்க. விமானிகளே இன்னதென்று தெரியாத பொருள்களைப் பார்த்ததாக ராணுவ ஆவணங்கள் இருக்கின்றன என்கிறார்களே, நிஜமா? - சூலூர் வாசகர்

பதில்: நிஜம்தாங்க. வானத்தில் தெரிந்த இன்னதென்று தெரியாத பொருள்களை ஆராய அமெரிக்க விமானப்படை நடத்திய 'புளூ புக்' திட்டத்தின் கணக்கில், 1947 முதல் 1969 வரை வந்த 12,618 தகவல்களில் 701-க்குக் கடைசிவரை விளக்கம் கிடைக்கவில்லை. அந்தக் கோப்புகள் இன்று அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன.

என்னை உலுக்கியது 2004 நவம்பர் சம்பவம். சான் டியாகோவை ஒட்டிய கடலில், அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய டேவிட் ஃபிரேவர் என்ற விமானி, இறக்கையோ புகையோ இல்லாத, மாத்திரை போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று தண்ணீருக்கு மேலே அங்குமிங்கும் துள்ளியதைப் பார்த்தார், இவர் நெருங்கியதும் அது சட்டென்று மறைந்துவிட்டது. இரண்டு விமானங்களில் இருந்த நான்கு பேரும் பார்த்தார்கள், துணைக் கப்பலின் ரேடாரும் சில நாட்களாகவே அப்படி எதையோ காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதே நாளில் வேறொரு விமானம் எடுத்த வீடியோவை 2020-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே வெளியிட்டது.

சரி, வேற்றுக்கிரகவாசிகளா? அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. இதுபற்றி அமெரிக்க உளவுத்துறை வெளியிட்ட 2021 அறிக்கையில் இருந்த 144 தகவல்களில் உறுதியாக விளங்கியது ஒன்றுதான், அது காற்று இறங்கிய பலூன். மீதியில் பலவற்றுக்குப் போதுமான தகவலே இல்லை. ஆனாலும், பார்த்ததைப் பயப்படாமல் சொன்ன விமானிகளை நான் மதிக்கிறேன்.

நீங்களும் அடுத்தமுறை நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று குறித்து வையுங்க, அப்புறம் எழுதுங்க.