எடை குறைந்தபின் மார்பு தளர்வது பற்றி

திருமங்கலம் தங்கச்சிக்கு, இரைப்பைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து ஏழு மாதத்தில் 31 கிலோ இறங்கிவிட்டது, மார்பும் வற்றித் தொங்குகிறது, இது கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இல்லை. மார்பில் பால் சுரப்பியோடு கொழுப்பும் இருக்கிறது. உடம்பெல்லாம் கரையும்போது அதுவும் கரைகிறது. இழுபட்ட தோல் அந்த வேகத்துக்குச் சுருங்காது.

மாமியார் சொன்ன எண்ணெயும் சரி, டிவி விளம்பர க்ரீமும் சரி, தூக்கி நிறுத்தாது. காசைக் கரியாக்காதீர்கள். உடற்பயிற்சி அடியிலுள்ள தசைக்குத்தான், தோலுக்கு அல்ல. இருந்தாலும் விடாதீர்கள்.

விலை கூடிய பிரா இப்போது வேண்டாம், அளவு இன்னும் மாறும். மதுரை விளக்குத்தூண் கடைகள் பக்கம் சாதாரணப் பருத்தியில் இரண்டு வாங்குங்கள். மார்புக்குக் கீழ்ச் சுற்றளவை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். கப் மட்டுமல்ல, அதுவும் குறைந்திருக்கும். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கும்போது உள்துணியை வெட்ட வேண்டாம் என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு மடிப்பின் அடியில் வியர்வை தங்கிப் புண்ணாகும். குளித்ததும் ஒற்றித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சிவந்து அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம், தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மார்பைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷன் உண்டு, தழும்பு நிற்கும். எடை சில மாதம் ஒரே இடத்தில் நின்றபின்தான் செய்வார்கள். பெரும்பாலும் முதல் ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாதம் ஆகும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

அப்புறம், கட்டி தட்டுப்பட்டாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ மெலிந்ததால்தான் என்று இருந்துவிடாதீர்கள். பெரியாஸ்பத்திரியிலாவது உடனே காட்டிவிடுங்கள்.