விடாமுயற்சியை மெயிலில் அனுப்ப முடியுமா?

கேள்வி: தினமும் கம்பத்திலிருந்து மலையேறி, வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். குவாத்தமாலாவிலிருந்து ஒரு சாம்பிள் பார்சல் வந்தது, பின்னாலேயே ‘கோன்ஸ்தான்சியா தே ரெசெப்சியோன்’ அனுப்பச் சொல்லி மெயிலும் வந்தது. நான் ஸ்பானிஷ் படிக்கிற ஆப்பில் கோன்ஸ்தான்சியா என்றால் விடாமுயற்சி என்றுதான் இருக்கிறது. அதை எப்படி அனுப்புவது?
- வாசகி, கம்பம்

பதில்: நல்லவேளை, கேட்டுவிட்டீர்கள்! ஆப் சொல்வது தப்பில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. ஸ்பெயின் ராயல் அகாதெமியின் அகராதியில் இந்தச் சொல் இரண்டு தனித்தனிப் பதிவுகளாக இருக்கிறது. முதலாவது மனஉறுதி, எடுத்ததை விடாமல் செய்கிற குணம். இரண்டாவது ‘கோன்ஸ்தார்’ என்ற வினையிலிருந்து பிறந்தது, ஒரு விஷயம் நடந்தது என்று உறுதியாகப் பதிவாவது, அப்படிப் பதிந்து தருகிற காகிதம். உங்களிடம் கேட்பது இதைத்தான்: பார்சல் கைக்கு வந்துவிட்டது என்று எழுத்தில் ஓர் அத்தாட்சி. இதையே ‘அகூசே தே ரெசிபோ’ என்றும் கேட்பார்கள், அடுத்த மெயிலில் அப்படி வந்தால் குழம்ப வேண்டாம்.

லத்தீன் அமெரிக்காவில் இது அலுவலகம் அலுவலகமாகப் புழங்குகிற சொல். மெக்சிகோவில் ‘கோன்ஸ்தான்சியா தே எஸ்துதியோஸ்’ என்றால் இந்த மாணவர் இங்கே படிக்கிறார் என்று பள்ளி தருகிற கடிதம், நம்மூர் போனஃபைட் சர்டிபிகேட்தான். படித்து முடித்த பிறகு தருவது ‘செர்திஃபிகாதோ’, அதற்கு மதிப்பு இன்னும் கூடுதல். வேலை பார்க்கிற இடத்தில் வாங்குவது ‘கோன்ஸ்தான்சியா லாபோரால்’. வங்கிக் கடனோ விசாவோ என்று போனால் முதலில் கேட்பார்கள்.

எந்த அர்த்தம் என்று எப்படிப் பிடிப்பது? ஒருவர் ‘கோன் கோன்ஸ்தான்சியா’ உழைக்கிறார் என்று வந்தால் அது குணம். முன்னால் ‘ஊனா’ (‘ஒரு’) இருந்தாலோ, பன்மையில் ‘கோன்ஸ்தான்சியாஸ்’ என்று வந்தாலோ அநேகமாகக் காகிதம். (பெண்பால் சொல், அதனால் ‘லா’, ‘ஊனா’ மட்டும்தான்.) செய்தித்தாளில் ‘நோ ஆய் கோன்ஸ்தான்சியா தே கே...’ என்று ஆரம்பித்தால், அப்படி நடந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று பொருள்.

சரி, பதில் மெயிலுக்கு வருவோம். ‘தெஹாமோஸ் கோன்ஸ்தான்சியா தே ஆபெர் ரெசிபிதோ’ என்று தொடங்கி, என்ன வந்தது, எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று எழுதுங்கள். ‘பெற்றுக்கொண்டதை இதன்மூலம் பதிவு செய்கிறோம்’ என்ற தொனி வரும். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், வியாபாரக் கடிதத்துக்கு அது பொருத்தம். நடுவில் வருகிற அந்த ‘தே’யை மட்டும் விட்டுவிடாதீர்கள், தமிழில் யோசித்து எழுதுகிறவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினால் சிரிப்பார்கள், அங்கே ‘யா யேகோ’, வந்துவிட்டது, போதும்.

அப்புறம் ஒன்று, அந்த ஊர்க்காரர்களிடம் மரியாதையாகவே பேசுங்கள். குவாத்தமாலாவின் ஆல்தா வெராபாஸ் பக்கத்து ஏலக்காய்தான் உலகச் சந்தையில் நம் இடுக்கி ஏலக்காய்க்கு நேர் போட்டி!

கேள்வி: இதே சொல்லை யூடியூபில் ஒருவர் ‘கோன்ஸ்தான்தியா’ என்கிறார். எது சரி?
- வாசகர், களியக்காவிளை

பதில்: இரண்டும் சரி. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த ‘சி’யை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து, ஆங்கில ‘திங்க்’கின் முதல் ஒலி போலச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘சி’தான். அழுத்தம் எங்கேயும் ‘தான்’ மேல்.