பொருக்குத் தட்டினால் போதும், உதிரும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் வகுப்பில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகளுக்குச் சின்னம்மை. இவனுக்கும் வந்து இன்றோடு ஏழு நாள் ஆகிறது. தடுப்பூசி போட்டதில்லை. மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை, கொப்புளங்கள் கறுத்துப் பொருக்காகிவிட்டன. ஆனால் 15 நாள் வரக்கூடாது, பொருக்கு முழுவதும் உதிர்ந்த பிறகு டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்கிறது பள்ளி. அடுத்த வாரம் தேர்வு. போட்டோ அனுப்பினால் நேரில் போகாமலே சர்டிபிகேட் வாங்கித் தருவதாகப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் போட்டிருக்கிறார். வாங்கலாமா? நான்கு வயது மகளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. ஒரு தவணைத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அவளை அனுப்பலாமா, அவளையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியபடியே இருந்தால் பையன் நாளைக்கே பள்ளிக்குப் போகலாம். மகளும் போகலாம், ஆனால் அவள் விஷயத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். சர்டிபிகேட்டை மட்டும் அந்த ஆளிடம் வாங்காதீர்கள்.

சின்னம்மைக்கு நாளை எண்ணாதீர்கள், தோலைப் பாருங்கள். இந்தக் கிருமி இரண்டு வழியில் பரவுகிறது. ஒன்று, மூச்சிலும் இருமலிலும். மற்றொன்று, கொப்புளத்துக்குள் இருக்கும் நீரில். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் நேரத்தில் உடம்பு கிருமியை அடக்கிவிட்டது என்று பொருள். பொருக்கு வெறும் காய்ந்த தோல். அது சட்டைக்குள் உதிர்ந்தாலும், பக்கத்துப் பெஞ்சில் உதிர்ந்தாலும் யாருக்கும் நோய் வராது. முதல் கொப்புளம் தோன்றியதிலிருந்து எல்லாம் பொருக்காக, வழக்கமாக ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். பொருக்கு உதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

ஆனால் 'எல்லாம் பொருக்காகிவிட்டன' என்று தாய்மார்கள் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முகத்தையும் கையையும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். சின்னம்மைக் கொப்புளம் ஒரே நாளில் மொத்தமாக வருவதில்லை. மூன்று நான்கு நாளுக்கு ஒவ்வொரு வரிசையாகக் கிளம்பும். அதனால்தான் ஒரே உடம்பில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறோம். முன்னால் வந்தவை காய்ந்திருக்கும், பின்னால் வந்தது முடிக்குள் ஒளிந்திருக்கும். இன்று மாலை நல்ல வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றி நிற்க வைத்துத் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், முதுகு, இடுப்பு மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் ஒன்றே ஒன்று இருந்தாலும் நாளை விடுமுறை. மறுநாள் மாலை மறுபடி பாருங்கள். காய்ச்சல் இல்லை என்றால், மருந்து கொடுக்காமலே இல்லையா என்பதே கேள்வி. காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டு 'காய்ச்சல் இல்லை' என்பது கணக்கில் சேராது.

இந்த 15 நாள் சமாச்சாரத்துக்கு வருகிறேன். சின்னம்மை மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்குவது கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே. அந்த நாட்களில் உங்கள் பையன் லேசான சோர்வோடு வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருப்பான், பாவம், அவனுக்கும் அப்படித்தான் வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நெருக்கமாக இருந்தால் பத்தில் ஒன்பது பேர் வரை தொற்றிக்கொள்ளும் நோய் இது. தடுக்க முடியாத அந்த நாட்களை விட்டுவிட்டு, தொற்றே போன பிறகு எட்டு நாள் கூடுதலாகப் பூட்டி வைப்பதால் என்ன தடுக்கப்படுகிறது? வகுப்பில் முதல் பிள்ளைக்கு வந்த அன்றே எல்லாப் பெற்றோருக்கும் தகவல் சொல்லி, யார் யாருக்குத் தடுப்பூசி இல்லை என்று கேட்டிருந்தால் பாதி வகுப்பு தப்பியிருக்கும். அதைச் செய்ய மாட்டார்கள். வருகைக்குப் பரிசு வைப்பார்கள், தேர்வைத் தவறவிட்டால் மறு தேர்வு கிடையாது என்பார்கள், பெற்றோர் பயந்துபோய்க் கொப்புளத்தை முழுக்கைச் சட்டையால் மறைத்து அனுப்புவார்கள். பிறகு நோய் ஏன் நிற்கவில்லை என்று எங்களைக் கேட்பார்கள்.

சான்றிதழ் கேட்பதும் அதே ரகம். பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பார்க்க என்னிடம் தனிக் கருவி எதுவும் இல்லை. வகுப்பு ஆசிரியர் கையில் இருக்கும் அதே இரண்டு கண்தான். அந்தக் காகிதத்துக்காக ஒரு தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு என் காத்திருப்பு அறைக்கு வருகிறார். அங்கே பத்து நாள் குழந்தையோடு ஒருவர், எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஒருவர். பொருக்குத் தட்டாமல் வந்திருந்தால் அவர்களுக்கு ஆபத்து. தட்டி வந்திருந்தால் இவனுக்கு வேறு காய்ச்சலை வாங்கிக்கொண்டு போக வாய்ப்பு. போவதானால் முன்கூட்டியே போன் செய்து, சின்னம்மை என்று சொல்லி, கடைசி ஆளாக வரச் சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்படியானால் வாட்ஸ்அப் ஆள்தான் வசதி என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் டாக்டர் இல்லை, தரகர். முத்திரையும் கையெழுத்தும் ஏற்கெனவே போட்ட தாள்கள் அவரிடம் அடுக்கடுக்காக இருக்கும். பெயரையும் தேதியையும் நிரப்பிக் கொடுப்பார். நீங்கள் நான்காம் நாள் கேட்டிருந்தால் நான்காம் நாளே 'முழுமையாகக் குணமடைந்துவிட்டார்' என்று எழுதியிருப்பார்.

அப்படி ஒரு தாள் செய்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுமி, நீண்ட நாளைக்குப் பிறகு பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன் கொப்புளம் ஈரமாக இருக்கும்போதே சான்றிதழோடு வந்தான். பள்ளியில் தாளைப் பார்த்தார்கள், கையைப் பார்க்கவில்லை. சிறுமியின் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது பன்னிரண்டாம் நாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இம்யூனோகுளோபுலின் என்று ஒரு பாதுகாப்பு ஊசி உண்டு, நோயாளியோடு பழகிய 10 நாளுக்குள் போட வேண்டும். காலம் கடந்துவிட்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் டிரிப்ஸில் ஏசைக்ளோவிர் என்ற, இந்தக் கிருமியை அடக்கும் மருந்தை ஏற்றிக் காப்பாற்றினோம். புற்றுநோய்ச் சிகிச்சை தள்ளிப்போனது. அந்தப் பையனின் அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும் என்ற நிலையில் இருந்தவர். தாளை விற்றவனைத்தான் கடைசிவரை யாரும் தேடவில்லை.

அதே குழுக்களில் அடுத்து இன்னொருவர் வருவார், 'குடும்பம் முழுவதற்கும் அம்மை பரிசோதனைத் தொகுப்பு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம்' என்று. வழக்கமான சின்னம்மையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், ரத்தப் பரிசோதனை தேவையில்லை. பள்ளிக்கு எப்போது திரும்பலாம் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. தழும்பு வராமல் தடுக்கும் கிரீம், எதிர்ப்புச் சக்தி டானிக் எல்லாம் அதே வியாபாரம்தான். தழும்பைத் தடுக்க நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அரிப்புக்குக் காலமைன் தடவுங்கள், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிவிடும். ஐபுப்ரோஃபெனும் சின்னம்மையில் வேண்டாம், தோலில் கடுமையான கிருமித்தொற்று வரும் அபாயத்தோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

இப்போது உங்கள் மகள். நோயின் அறிகுறி எதுவும் இல்லாத, ஒரு தவணை போட்ட பிள்ளையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. ஆனால் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அண்ணனுக்கு முதல் கொப்புளம் வந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டாம் நாளில், அதாவது நாளைக்கு, உங்கள் காவல் தொடங்குகிறது. ஏறத்தாழ நான்காம் வாரம் முடியும்வரை நீடிக்கும். வந்தால் பெரும்பாலும் இரண்டாம் வாரக் கடைசியில் வரும். தினமும் காலையில் உடை மாற்றும்போது வயிறு, முதுகு, தலை மூன்றையும் பாருங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

நான் மேலே சொன்ன 'பொருக்குத் தட்டும்வரை' என்ற விதி இவளுக்குச் செல்லாது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, டாக்டர்களையும் சேர்த்துத்தான். தடுப்பூசி போட்ட பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் அது பெரும்பாலும் சின்னம்மை மாதிரியே இருக்காது. போடாத பையனுக்கு 250 முதல் 500 கொப்புளம் வரை வரும் இடத்தில் இவளைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் 50-க்கும் குறைவாக வரும், சிலருக்குப் பத்துப் பன்னிரண்டோடு நின்றுவிடும். காய்ச்சல் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். முக்கியமாக, பல சமயம் நீர் கோக்காமல் வெறும் தடிப்பாகவே வந்து தடிப்பாகவே மறையும். கொசுக்கடி என்றும் வியர்க்குரு என்றும் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். கறுத்த தோலில் சிவப்பே தெரியாது, விரலால் தடவிப் பார்த்தால்தான் தட்டுப்படும். நீரே கோக்காத தடிப்பு எப்படிப் பொருக்குத் தட்டும்? தட்டாது. இது தெரியாமல் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒரு தாய், வராத பொருக்குக்காகப் பத்து நாள் காத்திருக்கிறார். இன்னொருவர், கொப்புளமே இல்லையே என்று அன்றைக்கே அனுப்பிவிடுகிறார். 50-க்குக் குறைவாக வந்த இத்தகைய பிள்ளை, தடுப்பூசி போடாத பிள்ளையைப் போல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நோயைப் பரப்பும். ஆனால் அந்த ஒரு பங்கு மேலே நான் சொன்ன சிறுமியின் வகுப்பில் விழுந்தால்?

இவளைப் போன்றவர்களுக்கான விதி இது: 24 மணி நேரம் புதிதாக ஒரு தடிப்புகூடக் கிளம்பக் கூடாது. மாலையில் வயிற்றையும் முதுகையும் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒவ்வொரு தடிப்பையும் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த காலை பள்ளி. ஒன்று இருந்தால் அதற்கும் வட்டம் போட்டு மறுபடி முதலிலிருந்து 24 மணி நேரம் எண்ணுங்கள். கொப்புளமும் தடிப்புமாகக் கலந்து வந்தால் இரண்டு விதியும் வேண்டும்: கொப்புளம் காய வேண்டும், தடிப்பு புதிதாக வரக் கூடாது.

இதற்கிடையில் அவளுக்கு இரண்டாம் தவணையைப் போட்டுவிடுங்கள், முதல் ஊசி போட்டு மூன்று மாதம் கடந்திருந்தால் போதும். ஒரு தவணை ஐந்தில் நான்கு பேரைக் காக்கும். இரண்டு போட்டால் பத்தில் ஒன்பதுக்கும் மேல். அண்ணன் கொடுத்ததை இந்த ஊசி இப்போது தடுக்காது, நோயாளியோடு பழகி மூன்று நாளுக்குள், மிஞ்சினால் ஐந்து நாளுக்குள் போட்டால்தான் அந்தப் பலன். ஆனால் வகுப்பில் அடுத்து வரப்போகும் பிள்ளையிடமிருந்து காக்கும். இந்தத் தடுப்பூசியை 1970-களில் உருவாக்கிய ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகாஹாஷி, தன் சின்ன மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அதில் இறங்கினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்று வாட்ஸ்அப் குழுக்களில் விவாதம் நடக்கிறது.

வீட்டில் கர்ப்பிணி இருந்து, அவருக்குச் சின்னம்மை வந்ததோ தடுப்பூசி போட்டதோ இல்லையென்றால் இன்றே அவருடைய டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். பையனுக்கு விட்ட காய்ச்சல் திரும்பினால், கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக வீங்கினால், மூச்சு வாங்கினால், தூங்கி வழிந்தால், நடை தள்ளாடினால் பள்ளியை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பள்ளிக்குக் கொடுக்க ஒரு கடிதம் நீங்களே எழுதுங்கள்: முதல் கொப்புளம் தோன்றிய தேதி, கடைசியாகக் காய்ச்சல் இருந்த தேதி, எல்லாக் கொப்புளமும் காய்ந்த தேதி. நேரில் போய்க் கொடுத்து, பையனின் கையையும் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சான்றிதழ்தான் வேண்டும் என்றால், அவனை ஏற்கெனவே பார்த்த டாக்டரிடமே கேளுங்கள். அவர் நோட்டில் முதல் நாள் தேதி இருக்கும். பொருக்குள்ள முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அதற்கும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.