ஸ்பின்னிங் ராடுக்கு எந்தக் கைடு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழவேற்காடு முகத்துவாரத்தில் லூர் (செயற்கை இரை) வீசிக் கொடுவா மீன் பிடிப்பதற்காக 7 அடி கார்பன் பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறும் கோல்) ஒன்றை வாங்கி, சொந்தமாக ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கோல்) கட்டத் தொடங்கியிருக்கிறேன். 3000 அளவு ரீல், பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய) நரம்பு, 40 பவுண்டு லீடர் (அதன் முனையில் இணைக்கும் தடித்த நரம்பு) ஆகியவற்றைப் பயன்படுத்த உத்தேசம். கடையில் 30-ஆம் எண்ணில் தொடங்கும் ஆறு கைடுகள் (ராடின் மீது நரம்பு ஓடும் வளையங்கள்) கொண்ட தொகுப்பைத் தருகிறார்கள். நண்பர் ஒருவரோ 25-இல் தொடங்கி, நுனிப் பகுதி முழுவதும் மிகச் சிறிய கைடுகளைக் கட்டச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால், அது ஏன் சரி என்பதைப் புரிந்துகொண்டு செய்தால்தான் அடுத்த ராடையும் நீங்களே திட்டமிட முடியும்.

ஸ்பின்னிங் ரீலின் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) வீசும்போது சுழல்வதில்லை. நரம்புதான் அதன் விளிம்பிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று ஓடுகிறது. அந்தச் சுருளை அடக்கி, பிளாங்க்கை ஒட்டிய நேர்கோடாக மாற்றுவதே ரீலிலிருந்து முதல் மூன்று கைடுகளின் வேலை. அதற்கு அப்பால் உள்ள கைடுகளுக்கு, நேராகிவிட்ட நரம்பை ஏந்திச் செல்வதும், மீன் இழுக்கும்போது பாரத்தைப் பிளாங்க் முழுவதும் பகிர்ந்தளிப்பதும் மட்டுமே கடமை. ஆகையால் பெரிய வளையங்கள் கீழே மட்டும் இருந்தால் போதும். நுனியில் பெரிய கைடு கட்டுவதால் வீச்சுத் தூரம் கூடாது. மாறாக, அந்த எடை நுனியைச் சோம்பலாக்கும். வீசி முடித்த பிறகும் நுனி ஆடிக்கொண்டே இருந்தால், அந்த ஆட்டம் ஓடும் நரம்பையும் அலைக்கழிக்கும். கைப்பிடிக்கு அருகில் கூடும் ஒரு கிராமை நீங்கள் உணரவே மாட்டீர்கள். அதே ஒரு கிராம் நுனியில் கூடினால் நல்ல பிளாங்க்கின் துடிப்பே போய்விடும்.

கைடின் எண், வளையத்தின் வெளிவிட்டத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிப்பது. உள்ளே நரம்பு ஓடும் துளை அதைவிடக் கணிசமாகச் சிறியது. உங்கள் ரீலுக்கு 25, 12, 6 என்று விரைவாகக் குறுகும் மூன்று கைடுகளும், அவற்றைத் தொடர்ந்து 5.5 அல்லது 6 எண்ணில் ஐந்து கைடுகளும், நுனி வளையமும் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. ராடின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையில், நுனி வளையம் நீங்கலாகக் கைடுகள் வேண்டும் என்பது ராடு கட்டுவோரிடையே வழங்கும் பொதுவான கணக்கு. 7 அடிக்கு அது எட்டு. கடைத் தொகுப்பில் உள்ள ஆறு கைடுகள் போதாது. மீன் கனத்து இழுக்கையில் ஒவ்வொரு கைடிலும் நரம்பு கூர்மையான கோணத்தில் மடிந்து, அந்தந்த இடத்திலேயே பாரம் குவியும்.

5.5-ஆ, 6-ஆ என்பதை உங்கள் முடிச்சே தீர்மானிக்கும். கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு நரம்பை அறுத்துவிடும் அளவுக்குக் கூரானது. எனவே தடித்த லீடரைத் தவிர்க்க முடியாது. பிரெய்டையும் லீடரையும் மெல்லிய எஃப்ஜி முடிச்சால் இணைப்பவரானால் 5.5 தாராளம். இரண்டு யூனி முடிச்சுகளை எதிரெதிராகப் போட்டு இணைப்பவரானால் 6-க்குக் கீழே போகாதீர்கள். வாங்குவதற்கு முன்பாகவே, நீங்கள் வழக்கமாகப் போடும் முடிச்சைப் போட்டு எடுத்துச் சென்று, கடையிலேயே அந்த வளையத்துக்குள் இழுத்துப் பாருங்கள். இரு திசையிலும் தட்டாமல் சென்றால் அந்த அளவு போதும்.

முதல் மூன்று கைடுகளுக்கு, வளையத்தைத் தாங்கும் சட்டத்தின் உயரமும் முக்கியம். 25-ஆம் எண் கைடிலேயே தாழ்ந்த சட்டமும் உண்டு, உயர்ந்த சட்டமும் உண்டு. ஸ்பின்னிங் ரீலின் ஸ்பூல் பிளாங்க்கிலிருந்து விலகித் தொங்குவதால், வளையமும் அதே அளவு விலகி நின்றால்தான் சுருள் பிளாங்க்கில் அடிபடாமல் உள்ளே நுழையும். பிரெய்டு மிகவும் துவண்ட நரம்பு. வீசும்போது அதன் கண்ணிகள் கைடின் காலைச் சுற்றிக்கொள்வதுண்டு. ஜப்பானின் ஃபூஜி நிறுவனத்தின் கே வரிசைக் கைடுகளில் சட்டம் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பது இதற்காகத்தான்: சுற்றிய கண்ணி அந்தச் சரிவில் வழுக்கித் தானே விலகிவிடும். பிரெய்டு பயன்படுத்துபவர் இந்தச் சாய்ந்த வடிவத்துக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும்.

இனி இடம். ஸ்பூலின் வெளிவிட்டத்தை 27-ஆல் பெருக்கி, ஸ்பூலின் முகப்பிலிருந்து அவ்வளவு தூரத்தில் மூன்றாவது கைடை, அதாவது சுருள் முழுவதும் அடங்க வேண்டிய கைடை, வைப்பது பலர் பின்பற்றும் தொடக்கக் கணக்கு. 48 மி.மீ. ஸ்பூலுக்கு அது ஏறக்குறைய 130 செ.மீ. ஆகும். முதல் கைடை ஸ்பூல் முகப்பிலிருந்து 50 செ.மீ. அளவில் வைத்துத் தொடங்கலாம். மற்றவற்றை நுனியை நோக்கிச் செல்லச் செல்ல இடைவெளி சிறுகச் சிறுகக் குறையும்படி அமையுங்கள். ஆனால் இந்த அளவுகளை நம்பிக் கைடுகளை நூல் சுற்றி நிலையாகக் கட்டிவிடாதீர்கள். கைடுகளைக் காகித ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, மறுமுனையைத் தாழ்வான ஒரு கொக்கியில் கட்டி, ராடை நன்றாக வளையுமாறு தூக்கிப் பிடியுங்கள். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும். நரம்பு ஒவ்வொரு கைடிலும் ஏறக்குறைய ஒரே அளவு திரும்பி, பிளாங்க்கின் வளைவைப் பின்தொடர வேண்டும். எங்காவது ஒரு கைடில் மட்டும் கோணம் கூர்மையாகத் தெரிந்தால் பக்கத்துக் கைடை அதை நோக்கி நகர்த்துங்கள்.

அடுத்து, திறந்த மைதானத்தில் தூண்டில் முள் இல்லாத ஓர் எடையைக் கட்டி வீசிப் பாருங்கள். நரம்பு பிளாங்க்கில் பட்டுப் படபடவென்று ஓசை எழுந்தால், முதல் கைடை இரண்டு இரண்டு செ.மீ. ஆக முன்னும் பின்னும் நகர்த்தி, ஓசை அடங்கித் தூரம் கூடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இந்த ஒரு மாலை நேர வேலையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். விலை உயர்ந்த கைடு தராத பலனை இது தரும்.

கேள்வி: நான் தூத்துக்குடிக் கடற்கரையில் தடித்த சாதாரண நரம்பைத்தான் பயன்படுத்துகிறேன். எனக்கும் இதே அளவுகள் பொருந்துமா? ஸ்டீல் கைடுகள் ஓராண்டுக்குள் துருப்பிடித்துவிடுகின்றன; டைட்டானியம் அவசியமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பொருந்தாது. நீங்கள் பயன்படுத்தும் ஒற்றை இழை நரம்புக்கு விறைப்பு அதிகம். அதன் சுருள் பெரிதாக எழும். 25-லிருந்து 12-க்கு ஒரே தாவலாக இறங்கினால் நரம்பு அங்கே உரசித் திணறும். 30, 20, 16, 12, 10 என்று புனலைப் போல மெல்லக் குறுகும் பழைய முறைதான் உங்களுக்கு ஏற்றது. இந்த வகையில் அந்த முறை காலாவதியானது என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை.

துருவைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் வெளியே தெரியும் சட்டத்தில் தொடங்குவதில்லை. கைடின் காலும் (பிளாங்க்கோடு சேர்த்துக் கட்டும் பகுதி) நூற்சுற்றும் சந்திக்கும் இடத்தில், நூலின் மீது பூசும் எப்பாக்ஸிப் பூச்சில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்து, உள்ளே உப்புநீர் தங்கி, அங்கிருந்து அரிக்கும். காலின் முனையை அரத்தால் சரிவாகத் தேய்த்து, அடிப்புறப் பிசிறை நீக்கிவிட்டு நூல் சுற்றினால் நூல் இடைவெளியின்றி ஏறும். பூச்சும் எளிதில் வெடிக்காது. ஒவ்வொரு முறை மீன்பிடித்துத் திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. எல்லாவற்றுக்கும் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் நுனி வளையத்துக்கும் அதை அடுத்த மூன்று நான்கு கைடுகளுக்கும் மட்டும் வாங்குங்கள். எடை குறைவதன் பலன் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: புதிய பிரெய்டு கூட அடிக்கடி அறுந்துபோகிறது. வளையத்தை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் சோதியுங்கள். சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே கீறலோ விரிசலோ இருக்கிறது. பீங்கான் வளையங்கள் கடினமானவை என்றாலும், படகின் விளிம்பில் ஒருமுறை மோதினாலே விரிசல் விடக்கூடும். அது கண்ணுக்குத் தெரியாது. நுனி வளையம்தான் அதிகம் அடிபடுகிறது. அது சூட்டில் இளகும் பசையால் ஒட்டப்பட்டிருந்தால், குழாயை இலேசாகச் சூடாக்கி, திருகாமல் நேராக இழுத்துக் கழற்றிப் புதியதை மாற்றலாம். நெருப்பைப் பிளாங்க்கின் மீது படவிடாதீர்கள். உள்ளே பீங்கான் வளையமே இல்லாத வெறும் எஃகுக் கைடாக இருந்தால் பிரெய்டு அதில் பள்ளம் அறுத்திருக்கும். அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கான் கார்பைடு வளையமுள்ள கைடுகளாக முழுவதையும் மாற்றிவிடுங்கள்.