வாசகர் கேள்வி – பதில்: போர் நினைவிடங்களில் நண்பர்களோடு இரண்டு நாள்

கேள்வி: ஒன்றாகப் படித்த நண்பர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சனி, ஞாயிறில் கூடி, போர் நினைவிடங்களைச் சேர்ந்து பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் ஒருவர் பதினோரு இடங்களைக் கொண்ட பட்டியலைத் தயாரித்துவிட்டார். அத்தனையையும் இரண்டு நாளில் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியும். வண்டியை நிறுத்தாமல் சன்னல் வழியாகப் பார்த்தால் இருபதைக்கூட முடித்துவிடலாம். ஆனால், நினைவிடம் என்பது பெரும்பாலும் பெயர்களால் ஆனது. பெயர்களை நின்று படிக்காமல் திரும்புகிறவர் பார்த்தது வெறும் கல்லைத்தான். ஆகவே நாளொன்றுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றிலும் மனத்தைக் கனக்கச் செய்யும் இடத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலைப் பொழுதை நண்பர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்றே விட்டுவிடுங்கள். நீங்கள் கூடுவதே அதற்காகத்தானே?

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் திறக்கப்பட்ட இதை வடிவமைத்த மாயா லின், போட்டியில் வென்றபோது யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது மாணவி. தரையில் கணுக்கால் உயரத்தில் தொடங்கும் கருங்கல் சுவர், நாம் சரிவில் இறங்க இறங்க உயர்ந்து, நடுவில் மூன்று மீட்டரையும் தாண்டிவிடுகிறது. கல்லை நன்றாக மெருகேற்றியிருப்பதால், 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களின் நடுவே படிப்பவரின் முகமும் தெரியும். (அந்தக் கல் பெங்களூருப் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.) நினைவிடத்தில் உள்ள பெயர்ப் பதிவேட்டைப் புரட்டினால், ஒருவரின் பெயர் எந்தப் பலகையில், எத்தனையாவது வரியில் உள்ளது என்று தெரிந்துவிடும். ஆளுக்கொரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியை விரலால் எண்ணிக் கண்டுபிடியுங்கள். இதற்கே ஒரு மணி நேரம் போய்விடும், போகட்டும்.

கேள்வி: சில இடங்களில் பெயர்கள் அகர வரிசையிலும், சில இடங்களில் பதவி வரிசையிலும் உள்ளன. இதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

பதில்: நல்ல கேள்வி. ஒரு நினைவிடம் யாரை எப்படி நினைக்கச் சொல்கிறது என்பதை அதன் சிலைகளைவிடப் பெயர் வரிசையே வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

மேற்சொன்ன வியட்நாம் சுவரில் பதவிகள் இல்லை. பெயர்கள் உயிரிழப்பு நேர்ந்த நாளின்படி அமைந்துள்ளன. அகர வரிசையில் பொறித்திருந்தால் ஒரே பெயர் கொண்ட பலர் அடுத்தடுத்து வந்து, தொலைபேசிப் பட்டியலைப் படிப்பது போலாகியிருக்கும். நாள் வரிசையில் வைத்ததால், ஒரே சண்டையில் மடிந்த தோழர்கள் கல்லிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். உயிரோடு திரும்பிய ஒருவர் தாம் போரிட்ட அந்த ஒரு நாளைச் சுவரில் தேடிக் கண்டுகொள்ளலாம். இன்னொரு நுட்பமும் உண்டு: சுவர் இரண்டு கைகளாக விரிந்து நடுவில் ஒரு மூலையில் சேர்கிறது; பெயர் வரிசை அந்த நடு மூலையில் தொடங்கி, கிழக்குக் கையின் முனைவரை சென்று, மேற்குக் கையின் முனையிலிருந்து திரும்பி வந்து அதே மூலையில் முடிகிறது. எனவே, போரின் முதல் சாவும் கடைசிச் சாவும் அங்கே அருகருகே நிற்கின்றன.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 1927-இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், முதல் உலகப் போரில் அப்பகுதியில் மாண்டு, உடல் கண்டெடுக்கப்படாத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் இந்தியப் படைவீரர்களும் உண்டு. இதை நிறுவிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறைகள் ஆணையம் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம்), அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் கல்லறையில் வேறுபாடு கூடாது என்ற கொள்கையை 1918-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்தச் சமத்துவம் எல்லோரையும் எட்டிவிடவில்லை. ஆப்பிரிக்க, ஆசியப் படையினர் பலரைப் பெயர் சொல்லாமல் வெறும் எண்ணிக்கையாகவே பதிந்ததையும், குறைந்தது 1,16,000 பேரைப் பெயரிட்டு நினைவுகூரத் தவறியதையும் அதே ஆணையத்தின் அறிக்கை 2021-இல் ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. ஆகவே ஒரு சுவரைப் படிக்கும்போது, இதில் இல்லாதவர் யார் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர், போர் நினைவிடங்கள் எல்லாம் போரைப் புகழ்வதற்கே எழுப்பப்படுகின்றன என்று வாதிட்டு, வரவே தயங்குகிறார். மற்றொருவர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். முதலாமவரின் பேச்சால் ராணுவ நண்பரின் மனம் புண்படுமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வெற்றியைக் கொண்டாடும் வளைவுகளும் தூண்களும் உலகில் ஏராளம் என்பதால், தயங்கும் நண்பரின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், அவர் பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோவில் உள்ள ஜெர்மானியப் போர்க் கல்லறையைப் பற்றி ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். சிற்பி கேத்தே கோல்விட்சின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போர்முனையில் மாண்டான். அவனுக்காக அந்தத் தாய் பல ஆண்டுகள் உழைத்து, 1932-இல் இரண்டு சிலைகளை முடித்துக் கொடுத்தார். தந்தை மண்டியிட்டு, நிமிர்ந்த உடலைத் தன் இரு கைகளாலேயே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார்; தாய் தலை கவிழ்ந்து முன்னால் குனிந்திருக்கிறாள். வீரனின் உருவமும் இல்லை, ஆயுதமும் இல்லை. இதைப் போர்ப் புகழ்ச்சி என்று எவரால் சொல்ல முடியும்?

உங்கள் நண்பர்களுக்கிடையே உள்ள இந்தப் பிணக்கு புதியதும் அன்று. மாயா லினின் கறுப்புச் சுவர் வீரர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால்தான், 1984-இல் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை அருகில் வைக்கப்பட்டது. பெண்களை மறந்துவிட்டார்கள் என்ற குரலுக்கு விடையாக 1993-இல் இன்னொரு சிலையும் வந்து சேர்ந்தது.

ராணுவத்தில் இருந்த நண்பரை வழிகாட்டியாக்கிவிடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். தாமாகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கிளறாதீர்கள். அவர் ஓர் இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டால், நேரமாகிவிட்டது என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி: பெயர்களைத் தொடலாமா? பூ வைக்கலாமா? குழுவாகப் படம் எடுத்துக்கொள்வது தவறா?

பதில்: அந்தந்த இடத்தின் அறிவிப்புப் பலகையே முடிவானது. வியட்நாம் சுவரில் தொடலாம், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்துக்கொள்ளலாம். அங்கே மக்கள் விட்டுச்செல்லும் கடிதங்களையும் பொருள்களையும் தேசியப் பூங்காத் துறை சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. தேய்ந்துபோன பழைய சுண்ணாம்புக்கல் கல்லறைகளில் இப்படித் தேய்த்தால் எழுத்து உதிரும். அங்கே கையை வைக்காதீர்கள். படம் எடுப்பதில் தவறில்லை. கல்லறைக் கல்லின்மீது சாய்ந்துகொண்டு, விரலை உயர்த்திச் சிரிப்பதுதான் தவறு. வாஷிங்டனை அடுத்துள்ள ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடையாளம் தெரியாத வீரரின் சமாதியை 1937 முதல் இரவு பகலாகக் காவலர் காத்து நிற்கின்றனர். கூட்டம் சத்தம் போட்டால் காவலர் தம் நடையை நிறுத்தி, உரத்த குரலில் அமைதி காக்கச் சொல்லிவிடுவார். பழைய நண்பர்கள் கூடினால் சிரிப்பு வரத்தான் செய்யும். அதை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மெனின் வாயிலில் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ஊதப்படும் இறுதி அஞ்சலி இசைக்குப் பிறகு கைதட்டாமல் இருப்பது வழக்கம்.

கேள்வி: ‘அடையாளம் தெரியாத வீரர்’ என்று ஒருவரைப் புதைப்பது ஏன்? இந்தக் காலத்தில் யாரென்று கண்டுபிடித்துவிட முடியாதா?

பதில்: லண்டனில் 1920 நவம்பர் 11 அன்று, பெயர் தெரியாத ஒரு வீரரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மகனின் உடலே கிடைக்காத ஒவ்வொரு தாயும், இவன் என் பிள்ளையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ள இடமளித்ததே அந்தச் சமாதியின் ஆற்றல். மரபணுச் சோதனை வந்தபின் நிலை மாறிவிட்டது. ஆர்லிங்டனில் வியட்நாம் போருக்காக வைக்கப்பட்டிருந்த உடலை 1998-இல் எடுத்துச் சோதித்தபோது, அது விமானப்படை அதிகாரி மைக்கேல் பிளாசியுடையது என்று தெரியவந்தது. உடல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழி இன்றுவரை காலியாகவே உள்ளது. காணாமற்போன வீரர்களை நினைவுகூரும் வாசகம் ஒன்றை மேலே பொறித்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் நண்பர் ஒருவரின் கொள்ளுத் தாத்தா முதல் உலகப் போரில் இறந்தவர். அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவது?

பதில்: பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். இந்தியப் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஒரே பெயரைப் பல விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். படைப்பிரிவின் பெயரும் இறந்த ஆண்டும் தெரிந்திருந்தால் தேடல் சுருங்கும். பெயர் கிடைத்ததும் நினைவிடத்தையும் பலகை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய வாயில்களில் பெயர்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு தொலைநோக்கியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.